விடாத கை

மாத்திரைப் பெட்டியில் தைராய்டு மாத்திரைக்குக் காலை அறை, கால்சியம் மாத்திரைக்கு ராத்திரி அறை. ராத்திரி மாத்திரையை அடிக்கடி மறந்துபோன பிரபாவதி, போன மாதத்திலிருந்து இரண்டையும் ஒரே அறையில் போட்டு, காலையில் காப்பியோடு சேர்த்தே விழுங்க ஆரம்பித்தாள்.

இன்றைக்கு அவள் வயிற்றுக்குள் புறப்பட்ட கால்சியம் மாத்திரைக்குத் திருவிழாவுக்குப் போவதுபோல இருந்தது. வெதுவெதுப்பான இருட்டில், பால் மணக்கும் ஆற்றில் இரண்டும் மிதந்து போயின. தைராய்டு மாத்திரை மிளகு அளவுதான் இருந்தது.

"தொலைஞ்சிடுவே, என் கையைப் பிடிச்சுக்கோ" என்றது கால்சியம்.

"எங்க ஆளுங்க எப்பவும் தனியாத்தான் போவாங்க அண்ணே. வெறும் தண்ணியில, வேற யாரும் வர்றதுக்கு முன்னாடி."

"அது அப்போ. இப்பதான் நான் இருக்கேனே."

ஆற்றின் இரு கரையிலும், ரத்தத்துக்குள் திறக்கும் குட்டிக் குட்டிக் கதவுகள் மினுங்கின.

"நான் இறங்க வேண்டிய இடம் வந்துடுச்சு. கையை விடுங்க அண்ணே. அந்தம்மா உடம்பு குளிர்ந்து கிடக்கு, நான் போய்த்தான் சூடாக்கணும்."

சின்னது ஒரு கதவுக்குள் நுழையப் பார்த்தது. பிடித்த கையோடு நுழைய முடியவில்லை. கால்சியம் அதை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டது. கதவுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. கடைசிக் கதவும் போன பிறகு சின்னது பேசவே இல்லை.

பயந்துவிட்டது போலும் என்று கால்சியம் அதன் முதுகைத் தட்டிக்கொடுத்தது.

"பாத்தியா, உன்னைப் பத்திரமாக் கூட்டிட்டு வந்துட்டேன்."

வெளியே உச்சி வெயில் கொளுத்தியது. பிரபாவதி இரண்டாவது போர்வையைத் தேடிக்கொண்டிருந்தாள்.