மனசைப் படிக்கிற பிள்ளைகள்

டாக்டர் லுபோவா மாடிப்படி ஏறி வருவதைப் பார்த்ததும், நன்சுபுகா தோளில் கிடந்த மஞ்சள் துணியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு பெண்கள் கழிப்பறைக்குள் புகுந்தாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. துணியின் நுனி கண்ணில் பட்டதுமே விருட்டென்று திரும்பி, தனக்குச் சம்பந்தமே இல்லாத கணக்கு வகுப்புக்குள் நுழைந்துவிட்டார்.

"இது காதலேதான்" என்றான் ஜூக்கோ.

கிராபோவுக்கும் அதில் சந்தேகமில்லை. இருவரும் உளவியல் முதலாண்டு, டாக்டர் லுபோவாவின் மாணவர்கள். ஒரு பருவம் படித்ததற்கே கம்பாலாவில் இருக்கிற மனசையெல்லாம் கரைத்துக் குடித்துவிட்ட நினைப்பு.

நன்சுபுகாவும் அவர்கள் வகுப்புதான். வயது நாற்பத்து நான்கு. இருபது வயதில் வயிற்றில் பிள்ளை வந்ததும் பாதியில் விட்டுப்போன படிப்பு, இத்தனை காலமும் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. சந்தையில் இருந்த துணிக்கடையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிட்டு வந்து சேர்ந்திருந்தாள். வகுப்பில் எல்லோருக்கும் அவள் 'அம்மா'.

முதல் பருவத்தில் அவள் கேள்வி கேட்பதும் டாக்டர் மல்லுக்கு நிற்பதுமாக வகுப்பே களைகட்டும். டிசம்பர் விடுமுறைக்கு அப்புறம்தான் எல்லாம் தலைகீழ். அவள் கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். அவர் அந்தப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். நாற்பத்தாறு வயதுவரை கசங்கிய சட்டையோடு வந்துகொண்டிருந்த மனிதர், இப்போது தேய்த்த சட்டையும் சென்ட் வாசமுமாக வளையவந்தார்.

"லீவுல சொந்த ஊரு மசாகாவுல வெச்சு மகளைக் கட்டிக் குடுத்துட்டாங்கல்ல? வீடு வெறிச்சோடிப் போச்சு. அதான் மனசு இவர் பக்கம் சாஞ்சிருச்சு" என்று கிராபோ காரணம் கண்டுபிடித்தாள். வயதுப் பொருத்தம் பார்த்தாலும் குறை சொல்வதற்கில்லை.

சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள், வாய்மொழித் தேர்வு வந்தபோதுதான் சிரிப்பை நிறுத்தினார்கள். டாக்டர் லுபோவாவின் எதிரில் தனியாக உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்கு இரண்டாம் ஆண்டு கிடையாது.

நன்சுபுகா துறைத் தலைவரிடம் போய், வேறு யாராவது தன்னைக் கேள்வி கேட்கட்டும் என்று கெஞ்சியிருக்கிறாள். காரணம் கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. அவர் கையை விரித்துவிட்டார். படிப்பை நிறுத்திவிடப் போவதாக அவள் வந்து சொன்னபோது, காரணத்தைச் சொல்லித் தொலைப்பதுதானே என்று கிராபோ சண்டைக்கே போய்விட்டாள்.

"சொன்னா, நான் கண்ணு முழிச்சுப் படிச்சு வாங்கின மார்க்குக்கெல்லாம் வேற பேரு வந்துரும்டி. ரெண்டாவது தடவையும் பாதியில போகணும்னு என் தலையில எழுதியிருக்கு" என்று நன்சுபுகா அழுதாள். கிராபோவும் சேர்ந்து அழுதாள்.

இதற்கு ஒரே வைத்தியம், இரண்டு பேரையும் மனம் விட்டுப் பேச வைப்பதுதான் என்று ஜூக்கோ தீர்ப்புச் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மற்ற எல்லோருக்கும் தேர்வு முடிந்துவிட்டது. விடைபெற வந்த நன்சுபுகாவை, கொஞ்சம் பேசணும் அம்மா என்று கோடியிலிருந்த சின்ன அறையில் உட்கார வைத்துவிட்டுக் கிராபோ நழுவினாள். அந்த அறையில் குடையை மறந்து வைத்துவிட்டீர்கள் என்று டாக்டரிடம் ஜூக்கோ கூசாமல் புளுகினான். மதிப்பெண் தாளும் கையுமாக அவர் உள்ளே காலை வைத்ததும், வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

உள்ளே ஒரு நாற்காலி உருண்டது. மேசை இழுபடும் சத்தம் கேட்டது. கிராபோவும் ஜூக்கோவும் கதவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்கள்.

கடைசியில் டாக்டர் தொண்டையைக் கனைத்தார். பயம் என்பது மனிதனுக்குப் பிறவியிலேயே வருவதா, பழக்கத்தில் வருவதா என்று கேட்டார்.

நன்சுபுகாவின் குரல் முதலில் தடுமாறியது. அப்புறம் பழையபடி கணீரென்று எழுந்தது. அவர் அடுத்ததைக் கேட்டார். அவள் விடவில்லை, அடுக்கிக்கொண்டே போனாள்.

"காதல்ல ஏதுடா பரீட்சை?" என்று முணுமுணுத்தபடி கிராபோ தாழ்ப்பாளை விலக்கினாள்.

டாக்டர் கரும்பலகையில் மூக்கு உரசுகிற மாதிரி சுவரைப் பார்த்து நின்றிருந்தார். எதிர் மூலையில் நன்சுபுகா, முக்காட்டோடு அந்தப் பக்கத்துச் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். நடுவில் மேசை, நாற்காலி எல்லாம் வேலி போட்ட மாதிரி கிடந்தன. கதவு திறந்ததும் டாக்டர் தலையைத் திருப்பாமல் நண்டு மாதிரி பக்கவாட்டிலேயே நடந்து வாசலுக்கு வந்து சேர்ந்தார். தாளில் எதையோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். நெற்றியெல்லாம் வியர்வை.

"நல்லாவே தேறிட்டாங்கன்னு அவங்ககிட்ட சொல்லிடுப்பா" என்று ஜூக்கோவிடம் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டார்.

நன்சுபுகா முக்காட்டை எடுத்தாள். கண்ணில் தண்ணீர் வழிய, முகம் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். கிராபோ ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு, மனசில் இருந்ததை அவரிடம் சொல்லியாயிற்றா என்று காதோடு கேட்டாள்.

நன்சுபுகா அவள் காதைப் பிடித்துத் திருகினாள்.

"ஏண்டி, ஒருத்தர் முகத்துல ஒருத்தர் முழிக்கவே கூடாத மாமியாரையும் மருமகனையும் யாராவது ஒரே ரூம்ல வெச்சுப் பூட்டுவாங்களா?"