கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதம்

கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். நான் ஒவ்வொரு ஃப்ரிட்ஜாகத் திறந்து, கதவிடுக்கில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மூடி, வெடுக்கென்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காகிதம் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் சோப்ளாங்கி. வராமல் அடம்பிடித்தால்தான் கதவு உழைக்கும்.

“வாடகை வீட்டுக்குத்தானே மேடம்? இவ்ளோ பார்க்கணுமா?”

பார்க்கத்தான் வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும்.

நாங்கள் வாடகைக்கு விட்ட வீட்டை மூன்று வருடத்தில் நான்கு குடித்தனம் காலி செய்துவிட்டது. நான்கு பேரும் சொன்ன காரணம் ஒன்றே. ஃப்ரிட்ஜ் சரியில்லையாம். என்ன சரியில்லை என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். இரண்டு முறை புதிதாக மாற்றிக் கொடுத்தும் அதே பேச்சுதான்.

இந்த முறை என் கணவர் கறாராகச் சொல்லிவிட்டார். “புதுசா வர்றவங்களும் போயிட்டா நாமளே அங்க போயிடலாம். வீட்டைப் பூட்டிவெச்சு என்ன பண்றது?”

அவருக்கென்ன, சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர். எனக்குத்தான் அன்றிலிருந்து தூக்கமில்லை.

கனமான ஸ்டீல் அடுப்பு, எதைப் போட்டாலும் திணறாத மிக்ஸி, இருப்பதிலேயே பலமான ஃப்ரிட்ஜ். எல்லாம் வந்து இறங்கின. சாக்குச் சொல்ல யாருக்கும் இனி வழியில்லை.

புதுக் குடித்தனம் வருவதற்கு முன்னால், காலி வீட்டில் கடைசியாக ஒருமுறை காகிதத்தை வைத்து இழுத்தேன்.

வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். ம்ஹூம். அப்பாடா என்று கையை எடுத்தேன்.

காகிதம் ஓர் அங்குலம் உள்ளே போனது.

அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவசரமே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, முழுவதும் உள்ளே போய்விட்டது.

கதவைத் திறந்தேன். விளக்கு எரிந்தது. தட்டுகள் காலி. காகிதத்தைக் காணவில்லை.

வாசலில் மணி அடித்தது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, புதிதாகக் குடிவரும் பெண் நேராகச் சமையலறைக்கு வந்தாள். ஃப்ரிட்ஜைத் தடவிப் பார்த்தாள்.

“நல்லா உழைக்குமாக்கா?”

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது.

“அதுக்கு நான் கேரண்டிம்மா.” சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினேன்.

தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

அந்த வீட்டை முதலில் காலி செய்தவர்கள் நாங்கள்தான். இனி ஒரு நாள்கூட அங்கே இருக்க மாட்டேன் என்று நான் அழுதபோது என் கணவர் காரணம் கேட்டார்.

வேறென்ன சொல்வது? ஃப்ரிட்ஜ் சரியில்லை என்றேன்.