ஒரு வரி அதிகம்

“இத்தனை வருஷம் கூட இருந்தவளைத் தள்ளிவிட்டுட்டுப் புதுசா ஒருத்தியைக் கூட்டிட்டு வந்தா விளங்குமா?” என்று மேனேஜர் போட்ட சத்தத்தில் ஹாலே திரும்பிப் பார்த்தது.

யாருடைய குடும்ப விவகாரமோ என்று பதற வேண்டாம். அவர் சொன்னது கம்பெனியின் பழைய டேட்டாபேஸை. அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டுப் புது வெர்ஷனை ஏற்றியவள், கான்ட்ராக்ட்டில் வந்திருந்த பெண்.

புதுசு வந்ததுமே மக்கர் செய்தது. ஊழியர்களின் துணைவருக்கு இன்சூரன்ஸ் கார்டு அடிக்கும் ரிப்போர்ட்டைத் தட்டினால், ஓட மாட்டேன் என்று சிவப்பு எழுத்தில் அடம்பிடித்தது.

“சாயங்காலத்துக்குள்ள சரியா வரணும். வந்தா உன் கான்ட்ராக்ட் பேப்பர்ல கையெழுத்து. இல்லேன்னா பழசை ஏத்திட்டு நீ கிளம்பும்மா.”

அவளோ இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு இதை நம்பி வந்தவள். சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், டேட்டாபேஸிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துத் தரும் எஸ்க்யூஎல் குவெரியைப் பிரித்து மேய்ந்தாள். ஒருவழியாக ரிப்போர்ட் ஓடியது. ஆனால் பழைய ரிப்போர்ட்டைவிட ஒரு வரி அதிகம்.

“பாத்தியா, வந்ததும் வராததுமா குட்டி போட்டிருக்கு” என்றார் மேனேஜர்.

“புதுசு மேல தப்பில்ல சார். துணைவரோட அடையாள நம்பரை வச்சு, நம்பருக்கு ஒரு வரின்னு குவெரி எழுதியிருக்காங்க. ஒரே நம்பருக்கு ரெண்டு வரி வந்தா, பழசு ஒண்ணைக் காட்டிட்டு இன்னொண்ணைச் சத்தமில்லாம முழுங்கிடும். புதுசு, ‘ரெண்டு இருக்கே, எதைக் காட்டட்டும்?’னு கேட்டுட்டு நின்னுடுது. அதான் ரெண்டையும் காட்டச் சொன்னேன்.”

இவ்வளவு சொன்னதில் மேனேஜர் காதில் விழுந்தது ‘ரெண்டு’ மட்டும்தான். வாராவாரம் மீட்டிங்கில் குடும்ப ஒழுக்கம் பற்றிப் பேசி ஊழியர்களைத் தூங்கவைக்கிற மனுஷன் அவர்.

“அடப்பாவி. நம்ம ஆபீஸ்ல ரெண்டு பொண்டாட்டிக்காரனா?”

எச்.ஆர். அக்கா நாற்காலியோடு உருண்டு வந்தார். “எனக்கு அந்த ஸ்டோர் கீப்பர் மேல ரொம்ப நாளா ஒரு கண்ணு சார். எப்பப் பாரு மூஞ்சியில ஒரு களை.”

“ரெண்டு பொண்டாட்டி கட்டினவன் மூஞ்சியில களை எங்கேருந்துக்கா வரும்?” என்றார் கேஷியர்.

அந்தப் பெண் அப்போதுதான் அந்த இரண்டு வரிகளையும் முழுசாகப் படித்தாள். சட்டென்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“டேட்டா என்ட்ரி தப்பா இருக்கும் சார். பழையபடி ஒரு வரியை மறைச்சிடறேன். கையெழுத்து மட்டும் போட்டுடுங்க.”

“மறைக்கிறதா? என் ஆபீஸ்லயா? அந்த யோக்கியன் யாருன்னு எல்லாருக்கும் தெரியணும். சொல்லு.”

“தனியா சொல்றேனே சார்.”

“சபையில சொன்னாத்தான் கையெழுத்து.”

வேலையா, வாயா என்று ஒரு நிமிஷம் தவித்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.

“யாருக்கும் ரெண்டு பொண்டாட்டி இல்ல சார். ஒரே லேடியை ரெண்டு பேரு பொண்டாட்டின்னு பதிஞ்சிருக்காங்க.”

மேனேஜர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

“அட கடவுளே. யாரும்மா அந்த ரெண்டு இளிச்சவாயனுங்க?”

கையெழுத்துப் போட வேண்டிய பேப்பரை அவர் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

“ஒருத்தர் நீங்க சார்.”