முள் ஏறாத ஜீப்

"முனியாண்டி, வண்டி ஓடுதா, நிக்குதா?"

அதிகாரி பக்தவத்சலம் ஸ்பீடோமீட்டர் கண்ணாடியை விரலால் தட்டினார். முள் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை.

"ஓடுது சாப்."

"மீட்டர் கராப் ஆயிடுச்சா?"

"மீட்டர் டீக் சாப், நல்லாத்தான் இருக்கு. இந்த வேகத்துக்கு முள்ளு ஏறாது."

சுனாமி கொண்டுபோன பள்ளிக்கூடத்தை மறுபடி கடற்கரையிலேயே கட்டலாமா என்று பார்க்கத்தான் போர்ட் பிளேயரிலிருந்து வந்திருந்தார் பக்தவத்சலம். கட்டலாம் என்று நேற்றே எழுதிவிட்டார். 'ஆபத்து என்றால் மேட்டுக்குப் போய்விடலாம். இரண்டே நிமிஷம்.'

நேற்று இதே ஜீப்பில், முள் நாற்பதில் நிற்க, கடிகாரம் பார்த்துக் குறித்தது அது. கையெழுத்து மட்டும் பாக்கி.

"மேட்டை இன்னொரு தடவை பாருங்க சார். நான் பின்னாலேயே வர்றேன்" என்று தலைமை ஆசிரியை ராஜகுமாரி விடாமல் கேட்டதால் இன்று மறுபடி ஏறி உட்கார்ந்தார். ஜீப்பின் பின்பக்கம் தார்ப்பாய் மூடியிருந்தது. டீச்சர் வருகிறாரா என்றுகூடத் தெரியவில்லை.

"ஜல்தி போய்யா! பதினோரு மணிக்குக் கப்பல்."

முனியாண்டி தன் பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தார். வண்டியை நிறுத்தினார். பிறகு முதல் கியரில் மெல்ல நகர்த்தினார்.

"எதுக்கு நிறுத்தினே?"

"நிக்க வேண்டியிருந்தது சாப்."

"சும்மா சும்மா கண்ணாடியையே பாக்குறியே, தலை சீவிக்கிறியா? உன் மேல கம்ப்ளெய்ன்ட் எழுதப்போறேன். நாளைக்கு இந்த வண்டியில நீ இருக்கமாட்டே!"

"எழுதுங்க சாப். முள்ளு மட்டும் ஏறாது."

ஒருவழியாக ஜீப் மேட்டில் நின்றது. பக்தவத்சலம் கடிகாரத்தைப் பார்த்தபடியே குதித்து இறங்கினார்.

"இருபத்தாறு நிமிஷம்! ரெண்டு நிமிஷ வழிக்கு இருபத்தாறு…"

சொல்லிக்கொண்டே பின்னால் திரும்பினார்.

ஜீப்புக்குப் பின்னால், புத்தகப் பைகளோடு பிள்ளைகள் மூச்சிரைக்க நின்றிருந்தார்கள். கடைசியாக வந்தார் ராஜகுமாரி. அவர் கையைப் பிடித்தபடி, ஒரு காலை இழுத்து இழுத்து வந்து சேர்ந்தாள் ஒன்றாம் வகுப்பு அலமு.

பக்தவத்சலம் ஃபைலைத் திறந்தார். தான் எழுதிய வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"எத்தனை நிமிஷம்னு எழுதட்டும் டீச்சர்?"

"ஜீப்புக்கு ரெண்டு சார். அலமுவுக்கு இருபத்தாறு."