பதினோரு தடவை

“நாலு வீல் சுவிட்சைத் திருப்பியிருந்தா வண்டி ஏன் அண்ணி சரியப்போகுது?”

மெக்கானிக் ஸ்பேனரைத் தரையில் வீசினான்.

“திருப்பினேன்னுதான் அவர் சொல்றார்.”

“அண்ணன் என்னைக்குத் திருப்பியிருக்கு? நாலு வீல் எனக்கெதுக்கு, ரெண்டே போதும்னு மீசையை முறுக்குற ஆளு. கொட்டுற மழையில குவாரி மேட்டுலயும் அதே வீம்பு. இப்ப கால் போச்சு.”

“கால் போகல. உடைஞ்சிருக்கு. வார்த்தையை அளந்து பேசு.”

அண்ணி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ஷெட்டுக்கு வந்திருந்தாள். நோயாளியோடு இருப்பவருக்கான பாஸ் இன்னும் கழுத்தில் தொங்கியது.

இருவருக்கும் நடுவில் ஒரு பக்கம் நசுங்கிய டிரக். கிளட்ச் பெடலில் அண்ணனின் ஒற்றைச் செருப்பு, காய்ந்த சேற்றோடு.

குவாரி மேனேஜர் காலையிலேயே போனில் சொல்லிவிட்டார். “கதையெல்லாம் வேண்டாம்ப்பா. வண்டித் தப்பா, டிரைவர் தப்பா? அதை மட்டும் சொல்லு. மத்தியானம் கூப்பிடுவேன்.”

டிரைவர் தப்பு என்றால் அண்ணனுக்குப் பதினெட்டு வருஷ வேலை போகும். பொய்யன் என்ற பேர் மட்டும் தங்கும்.

“கூடப்பிறந்தவர் பொய்யர்னு நீயே சொல்லிருவியா?”

“வண்டி என்ன சொல்லுதோ அதைச் சொல்லுவேன்.”

“ஆமா, மனுஷன் சொன்னா உன் காதுல ஏறாது. இரும்பு வந்து சொல்லணும்.”

அவனுக்கு வியர்த்தது. வண்டிக்குள் ஏறிச் சாவியைத் திருப்பி, டாஷ்போர்டின் மேலிருந்த சின்ன ஃபேனைத் தட்டிவிட்டான். விர்ரென்று சுற்றியது. “வெந்துபோய் வர்றார் தம்பி, ஏதாவது பண்ணேன்” என்று போன வெயிலில் அண்ணி கேட்க, அவனே ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை ஒயர் இழுத்து மாட்டிக் கொடுத்த ஃபேன்.

சுவிட்சை நாலு வீலுக்குத் திருப்பினான்.

பச்சை விளக்கு நின்று எரிய வேண்டும். சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது.

“கண்ணடிக்குதுன்னு சொன்னாரே. இதுதான்.”

“உருண்ட உருட்டுல ஃபியூஸ் போயிருக்கும்.”

ஃபியூஸ் போகவில்லை. சுவிட்சைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தான். பழுதில்லை. வண்டிக்கடியில் படுத்து, முன் சக்கரங்களையும் இஞ்சினோடு சேர்த்துவிடும் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தான். உர்ரென்று திரும்பியது. அதிலும் பழுதில்லை.

மிச்சம் கன்ட்ரோல் பாக்ஸ்தான். சுவிட்ச் கேட்பதை வாங்கி மோட்டாருக்கு உத்தரவு போடுவது அது.

ஸ்கேனரைச் செருகினான். எழுத்துகள் ஓடி நின்றன. அவன் குனிந்து உதட்டுக்குள் படித்தான்.

“வாய்விட்டுப் படி.”

“நாலு வீல் கேட்டிருக்கு. பாக்ஸ் கொடுக்கல.”

“எத்தனை தடவை கேட்டிருக்கு?”

“பதினொண்ணு.” தேதியைத் தொட்டுக் காட்டினான். “முந்தாநாள் சாயங்காலம், வண்டி சரிஞ்ச நேரம்.”

அண்ணி கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“பதினோரு தடவை. பின்னால சரியச் சரியத் திருப்பியிருக்கார். நேத்து நீ அவர் கட்டில்கிட்ட நின்னு, நர்ஸுங்க பாக்க, பொய் சொல்லாதேன்னு கத்தினே. அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டார்.”

“பாக்ஸைக் கெடுத்தவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்” என்று பல்லைக் கடித்தான்.

சாவியைத் திருப்பி ஆஃப் செய்தான். விளக்கும் ஃபேனும் நின்றன. டாஷ்போர்டின் அடித்தட்டைக் கழற்றி, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே கைவிட்டான். பாக்ஸ் வெளியே வந்தது. பிளக்கின் ஒரு முனை உருகிக் கறுத்திருந்தது. அந்த முனைக்குக் கரண்ட் கொண்டுபோகும் ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான்.

விரல் நின்றது.

“என்ன?”

“ஒண்ணுமில்ல அண்ணி. பழைய டேப்பு.”

கட்டிங் பிளேயரால் எதையோ நறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அதன்பிறகு அவன் யாரையும் திட்டவில்லை.

ஷெட்டுக்குப் பின்னால் அதே மாடல் வண்டி ஒன்று இஞ்சின் இல்லாமல் நின்றது. அதன் பாக்ஸை, பிளக்கும் ஒரு சாண் ஒயருமாக வெட்டி எடுத்துவந்தான். ஒவ்வொரு ஒயராகப் பற்றவைத்தான். ஸ்கேனரில் இந்த வண்டியின் நம்பரைப் பதிந்தான். அவ்வளவு நேரமும் அண்ணியின் அர்ச்சனை ஓயவில்லை. அவன் குனிந்த தலை நிமிரவில்லை. அது அவளை இன்னும் கிளறியது.

“இப்ப மட்டும் வாயில கொழுக்கட்டையா?”

சாவியைத் திருப்பினான். சுவிட்சைத் திருப்பினான். அடியில் மோட்டார் உறுமியது. பச்சை விளக்கு ஒருமுறை சிமிட்டி, பிடித்து எரிந்தது.

போன் அடித்தது. அண்ணியே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்னப்பா, பார்த்தியா? வண்டித் தப்பா, டிரைவர் தப்பா?”

“சொல்லு” என்றாள் அண்ணி. “நேத்து ஆஸ்பத்திரியே கேக்கக் கத்தினேல்ல, அதே குரல்ல சொல்லு.”

முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வண்டி ஜன்னலுக்குள் கையை நீட்டி ஃபேனைத் தட்டினாள். சுற்றவில்லை. மறுபடி தட்டினாள். இறகை விரலால் தள்ளிப் பார்த்தாள். அரைச் சுற்று போய் நின்றது.

“காலையில நல்லாத்தானே சுத்திச்சு...”

ஃபேனிலிருந்து டாஷ்போர்டுக்குள் இறங்கிய வெள்ளை ஒயரை அவள் கண் தொடர்ந்து போனது. பிறகு அவன் பாக்கெட்டில் வந்து நின்றது.

“லைன்ல இருக்கியாப்பா?”

அவன் பாக்கெட்டிலிருந்து ஒரு விரல்நீள ஒயரை எடுத்து அண்ணியின் முன்னால் வைத்தான். வெள்ளை ஒயர். டேப் சுற்றிப் பாக்ஸ் ஒயரில் ஒட்டியிருந்த நுனி கருகியிருந்தது.

“இருக்கேன் சார்” என்றான். “ரெண்டும் இல்ல.”