நாலு ராத்தல் இரண்டு அவுன்ஸ்

குழந்தை பிறந்து ஒன்பது நாளாகியும் நர்ஸ் பாரி அதை யார் கையிலும் கொடுக்கவில்லை. பெற்ற அப்பனுக்கும் அதே சட்டம்தான்.

ஏழு மாதத்திலேயே பிறந்துவிட்ட குழந்தை, வெளிக்காற்று பட்டாலே ஆபத்து என்று சொல்லி மாடி அறைக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள். குழந்தையைப் பஞ்சில் சுற்றி, இரண்டு பக்கமும் வெந்நீர் ஜாடி வைத்து, சுற்றிலும் திரை கட்டியிருந்தாள். காலையும் மாலையும் சைக்கிளில் வந்து, அவளே துடைத்து, அவளே எடை போட்டு, அட்டையில் எழுதிக் கதவில் மாட்டிவிட்டுப் போவாள். இன்று காலை எழுதியது நாலு ராத்தல் இரண்டு அவுன்ஸ், நிறைமாதக் குழந்தையின் எடையில் ஏறக்குறைய பாதி.

குழந்தையின் தாத்தா இட்ரிஸுக்கு இது பொறுக்கவில்லை. சுரங்கத் தொழிலாளி வீடென்றால் அழுக்கும் கிருமியும்தான் என்று நினைக்கிற அதிகார வர்க்கத்தின் திமிர் இது என்று, சுகாதார அதிகாரிக்கு மூன்று பக்கத்தில் புகார் எழுதி வைத்திருந்தார்.

அவருடைய வேலையே சந்தேகப்படுவதுதான். சுரங்கத்திலிருந்து ஏறிவரும் கரித் தொட்டிகளைக் கம்பெனி ஆள் எடை போடும்போது, பக்கத்தில் நின்று சரிபார்க்க, தொழிலாளர்கள் தங்கள் கூலியில் பிடித்துச் சம்பளம் கொடுத்து வைத்த ஆள் அவர். இருபத்திரண்டு வருஷம். கம்பெனித் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று அவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவர் ஒரு எடை சொன்னால் அந்த வேல்ஸ் பள்ளத்தாக்கில் மறுபேச்சுக் கிடையாது.

பேச்சைக் கிளப்பிவிட்டவள் பக்கத்து வீட்டு கெய்னர். துணி காயப்போடும்போது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். நாலு ராத்தல் குழந்தை மூணு வீட்டுக்குக் கேக்குற மாதிரி அலறுமா?

மத்தியானத்துக்குள் அது இட்ரிஸின் மகன், குழந்தையின் அப்பன் மெர்வின் காதுக்கு வந்துவிட்டது.

மெர்வின் ஜப்பான்காரனின் கைதி முகாமில் மூன்றரை வருஷம் கிடந்து, போன அக்டோபரில்தான் வீடு திரும்பியவன். அதிகம் பேசமாட்டான். முதுகு சுவரில் படாமல் எங்கும் உட்காரமாட்டான். இது மே மாதம். விரலை மடக்கி எண்ணிப் பார்த்தான். ஏழு மாதமென்றால் குழந்தை அவனுடையது. ஒன்பதென்றால், அவன் இன்னும் கப்பலே ஏறாத காலத்தது.

"நீங்க தூக்கிப் பாருங்கப்பா," என்றான். "உங்க கை சொன்னா நான் ஒத்துக்கறேன். அந்தம்மா எழுதினது பொய்யின்னா, நெஸ்டா இன்னைக்கே வெளிய போகட்டும்."

அவன் மனைவி நெஸ்டா போவதற்கு இடம் இல்லை. பிறந்த வீடு ஸ்வான்சீயில் குண்டு விழுந்து, அப்பா அம்மாவோடு சேர்ந்து மண்ணாகிவிட்டது. அது மெர்வினுக்கும் தெரியும்.

இட்ரிஸ் படியேறினார். நர்ஸ் பாரி சாயங்கால எடைக்கு வந்திருந்தாள். கதவை மறித்துக்கொண்டு, தொடக் கூடாது என்றாள்.

"கம்பெனி மேனேஜரும் இப்படித்தான் தராசை மறைச்சுக்கிட்டு நிப்பான். நகருங்க நர்ஸம்மா."

அவள் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள். பிறகு தணிந்த குரலில் பேசினாள். முப்பது வருஷம் பிரசவம் பார்த்தவளாம். பொய் எடை எழுதினது வெளியே தெரிந்தால் சர்டிபிகேட்டைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்களாம். இன்னும் ஒரு மாதம் மறைத்துவிட்டால், அப்புறம் குழந்தை எந்த எடையில் இருந்தாலும் யாரும் கேட்க மாட்டார்களாம்.

"என் வேலை போனா போவட்டும். கீழ போய் என்ன சொல்லப் போறீங்கன்னு முடிவு பண்ணிட்டுத் தூக்குங்க."

இட்ரிஸ் திரையை விலக்கித் தூக்கினார். கை சட்டென்று தாழ்ந்தது. எட்டு ராத்தல். ஒரு அவுன்ஸ் குறையாது.

ஆத்திரத்தோடு கட்டிலைப் பார்த்தார். நெஸ்டா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அழவில்லை.

"நீங்கதான சொன்னீங்க மாமா," என்றாள்.

சொன்னவர் அவர்தான். காணவில்லை என்ற தந்தியோடு சரி, மெர்வினிடமிருந்து இரண்டு வருஷமாக ஒரு வரி இல்லை. தேவாலயத்தில் அவன் பேரைச் சொல்லி ஜெபம் பண்ணி முடித்த அன்று, மோதிரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மருமகளிடம் அவர் பகுத்தறிவு பேசினார். அவன் வரமாட்டான், செத்தவனுக்காகக் காத்திருப்பது மூடநம்பிக்கை, உனக்கு இருபத்துநாலு வயசுதான், எழுந்து உன் வாழ்க்கையைப் பார் என்றார். அவள் அன்று முடியாது என்றாள். அப்புறமும் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தாள்.

குழந்தை தலையைத் திருப்பி அவர் சட்டையில் வாயை வைத்துத் தேடியது. நல்ல பசி.

நர்ஸ் பாரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இட்ரிஸ் குழந்தையைத் தாயிடம் கிடத்திவிட்டு வெளியே வந்து, படியின் மேலேயே நின்றார். கீழே மெர்வின் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தான். தெருக்கதவு திறந்திருந்தது. வாசலில் கெய்னர், அவளுக்குப் பின்னால் இன்னும் நாலு தலை.

கரித் தொட்டியின் எடையைக் கூவுகிற அதே குரலில், தெருவுக்கே கேட்கும்படி இட்ரிஸ் சொன்னார்:

"நாலு ராத்தல் மூணு அவுன்ஸ். நர்ஸம்மா ஒரு அவுன்ஸ் குறைச்சு எழுதியிருக்காங்க."