எழுந்து கொடுத்த நாற்காலி

மனைவி இறந்த அன்று, அவள் அழைப்பை எடுக்காமல் போனைக் கவிழ்த்து வைத்ததை, அதுவரை யாரிடமும் சொல்லாத அந்த விஷயத்தை, இளம்பரிதி அப்போதுதான் சொல்லத் தொடங்கியிருந்தான். மனநல ஆலோசகர் எஸ்தர் கண்ணெடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கதவைத் திறந்துகொண்டு டாக்டர் உள்ளே வந்தார்.

"ரெண்டு நிமிஷம், பரிதி. டாக்டர் பாத்தாத்தான் இன்சூரன்ஸ்ல பணம் வரும். நான் பாத்தா வராது." எஸ்தர் எழுந்து தன் நாற்காலியை டாக்டருக்குக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றார்.

"தூக்கம் வருதா?"

"நல்லா வருது சார்."

"வெரி குட்." டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். இளம்பரிதி அவசரமாக எழுந்து கும்பிட்டான். "ரொம்ப நன்றி டாக்டர். எல்லாம் உங்களாலதான்."

எஸ்தர் மறுபடி உட்கார்ந்தார். "சொல்லுங்க. போன் அடிச்சுது..."

கூப்பிய கைகளைப் பிரிக்கத் தெரியாமல் அவன் நின்றுகொண்டே இருந்தான்.